சடைச்சி குடிவந்த ஊர்

சடைச்சி அருவி மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்து நின்ற செவ்வாய்க்கிழமை காலையில் எலியேத் மூனியன் தன் வீட்டுக் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இனிமேல் இந்தக் கொல்லையில் துணி எப்படிக் காயும் என்பதுதான் அவளுக்கு முதலில் வந்த கவலை. கோயிலின் பின்சுவருக்கும் அவள் வீட்டுச் சீமைப்பலா மரத்துக்கும் நடுவே, இரண்டு தென்னை உயரத்தில், பாறையோ விளிம்போ இல்லாத வெறும் வானத்தில் தொடங்கி, மூன்று புரியாகப் பிரிந்து பின்னிக்கொண்டு, மலையில் எப்படி விழுமோ அப்படியே விழுந்துகொண்டிருந்தது அருவி. வரும்போது தன் பாசி பிடித்த கல்லையும், கல்லுக்கடியில் குடியிருந்த நீல நண்டுகளையும், பத்து மணி வெயிலுக்கு மட்டும் தலைகாட்டும் வானவில்லையும் கையோடு கூட்டி வந்திருந்தது. எலியேத் கடைசிச் சட்டையைப் பிழிந்து தோளில் போட்டாள், கொடியை அவிழ்த்தாள், வாசல் பக்கம் கொண்டுபோய்க் கட்டினாள். பிறகுதான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, சடைச்சி வந்திருக்கா."

"வராம என்ன செய்வா?" என்றாள் அம்மா செலஸ்தின், காப்பி வடிகட்டுவதை நிறுத்தாமல். "கூட்டிட்டு வந்தது நாம. கொண்டுபோய் விடாம வெச்சிருக்கறதும் நாம. போ, சத்தம் கொஞ்சம் குறைக்கச் சொல்லு, ரேடியோ கேக்கல."

ஃபோன் கானெல் என்ற அந்த ஊரில் வேறு யாரும்கூட ஏன் வந்தது என்று கேட்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும். கரீபியக் கடலில் சாந்த் ஒலிவ் என்ற தீவின் கிழக்குச் சரிவில் இருந்தது ஊர். ஒரு காலத்தில் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்களின் கொள்ளுப்பேரன்களும் பேத்திகளும் அங்கே நாற்பத்தோரு வீடுகளில் இருந்தார்கள். அவர்கள் பேசியது தீவின் கிரியோல் மொழி. கொண்டுவந்த மொழியைக் கரும்புக்காடு தின்றுவிட்டது. தின்ன முடியாமல் துப்பியவை மாரியம்மனும், மதுரைவீரனும், தப்பு மேளமும், மஞ்சளும், ஒரு பித்தளைப் பானையும், மலையிலிருந்த அருவிக்கு முன்னோர் வைத்த சடைச்சி என்ற பெயரும்தான். ஆண்டுக்கொரு முறை திருவிழா தொடங்கும் நாளில் அந்தப் பானையை ஒரு பெண் தலையில் வைத்து மலைக்குப் போவாள், சடைச்சியிடம் "வா தாயே" என்று கேட்டு நீர் முகந்து வருவாள், பானையைத் தரையில் வைக்காமல் கோயில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள், ஏழு நாள் விருந்து, எட்டாம் நாள் அதே நீரை அதே இடத்தில் கொண்டுபோய் ஊற்றி "போய் வா தாயே" என்று கும்பிட்டுத் திரும்புவார்கள். அழைத்த விருந்தாளியைக் கொண்டுபோய் விடாமல் இருப்பது அந்த ஊரில் யாரும் செய்யாத காரியம். பக்கத்து வீட்டுக்குக் கத்தரிக்காய் கடன் கேட்க வந்தவளைக்கூட முச்சந்தி வரை கொண்டுபோய் விடுவார்கள்.

இந்த ஆண்டு பானை எடுத்தவள் எலியேத். அழைக்கப் போன நாளில் மலைப்பாதை எப்போதும்போல் திறந்து கிடந்தது. எட்டாம் நாள் போனபோது பாதையின் குறுக்கே ஒரு கம்பிவேலி இருந்தது, வேலியின் நடுவே சுழலும் கதவு ஒன்று இருந்தது, கதவின் பக்கத்தில் குடைக்குக் கீழே மெஸ்யே ப்ரெவோ உட்கார்ந்திருந்தார். அருவியைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குக் குத்தகை எடுத்திருந்த சுற்றுலாக் கம்பெனியின் மேலாளர் அவர்; மெஸ்யே என்றால் அங்கே ஐயா. எலியேத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் அதே கம்பெனிதான்.

அவள் வேலை இதுதான்: துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறவர்களைக் கம்பெனிப் பேருந்தில் ஏற்றி, மைக்கைப் பிடித்து, தீவில் பார்க்கவேண்டிய ஏழு இடங்களைச் சொல்லிக்கொண்டே கூட்டிப்போவது. எரிமலை கக்கிய சாம்பலால் கறுத்த மணற்கரையைச் சொல்வாள், முட்டை வேகும் வெந்நீர் ஊற்றைச் சொல்வாள், கூரையில்லாத சர்க்கரை ஆலையையும் அதன் புகைக்கூண்டுக்குள் முளைத்து உச்சி வழியாக எட்டிப் பார்க்கும் அத்திமரத்தையும் சொல்வாள். பிறகு அருவி, பீரங்கி துருப்பிடித்த கோட்டை, தலையில் மாத்ராஸ் கட்டம்போட்ட துணி கட்டிய பெண்கள் ஜாதிக்காயும் மிளகாயும் விற்கும் சனிக்கிழமைச் சந்தை, கடைசியாகத் தெய்வங்கள் எல்லாம் நீலக்கண்ணோடு இருக்கும் தன் ஊர்க் கோயில். மைக் கையில் இருந்தால் ஐம்பது பேருக்குக் கூச்சமில்லாமல் பேசுவாள். இல்லாவிட்டால் ரொட்டிக் கடையில் ரொட்டி கேட்பதற்கு மூன்று முறை தொண்டையைச் செருமுவாள்.

அன்று வேலிக்கு முன்னால் அவள் தலையில் பானை இருந்தது, கையில் மைக் இல்லை. தப்பு மேளம் நின்றுவிட்டது. பூசாரி ஜெர்மேன்தான் பேசினார். ஊர் முழுக்க அவரைத் தோந்தோன் என்று கூப்பிடும், தீவு மொழியில் மாமா என்று பொருள்.

"மெஸ்யே, தண்ணிய ஊத்திட்டு வந்துடறோம். அரை மணி நேரம்."

"தாராளமா போங்க. ஆளுக்கொரு டிக்கெட்."

"இது எங்க அருவி மெஸ்யே."

"உங்களுதுதான், யார் இல்லைன்னா? டிக்கெட் வாங்கிட்டுப் போய்ப் பாருங்க." ப்ரெவோ கெட்டவர் இல்லை, விதிகளை நேசிப்பவர். எலியேத்தைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். "மத்மவாசேல் மூனியன் நம்ம ஆளு. அவங்களுக்கு வேண்டாம். ஆனா தலையில இருக்கே, அதுக்கு ஒண்ணு வேணும். கதவு தலையைத்தான் எண்ணும். பானையையும் தலைன்னு எண்ணிடும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு யாரும் சிரிக்கவில்லை. எலியேத் பானையோடு திரும்பி இறங்கினாள், அவளுக்குப் பின்னால் நாற்பத்தோரு வீடும் இறங்கியது. பானையை மறுபடி உத்தரத்தில் கட்டினார்கள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தோந்தோன் ஜெர்மேன். விருந்தாளியின் விஷயத்தில் அடுத்த வாரம் என்று சொன்னதுதான் அவர்கள் செய்த தவறு. மூன்றாம் நாள் சடைச்சி தன் நீரைத் தேடிக்கொண்டு தானே வந்துவிட்டாள்.

வந்தவளுக்கு இடம் ஒதுக்குவதில் ஊர் மும்முரமானது. முதல் நாள் கோயில் பின்சுவரில் சாரல் படுகிறது என்று மதுரைவீரனின் மரக்குதிரையை முன்பக்கம் நகர்த்தினார்கள். இரண்டாம் நாள் டொமினோ ஆடுகிறவர்கள் மேசையைச் சாரலுக்குள் போட்டு, காய்கள் வழுக்குகின்றன என்று ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். மூன்றாம் நாளுக்குள் யார் எப்போது குளிப்பது, யார் எந்தப் பக்கம் அரிசி களைவது என்பதற்கு ஒரு முறை வந்து, அந்த முறையை மீறுவதற்கும் ஒரு முறை வந்துவிட்டது. இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி ஊரே கத்திப் பேசும் ஊராகியது. கணவன் மனைவி ரகசியமாகச் சண்டை போட முடியாமல் சமாதானமாகப் போனார்கள். காது மந்தமான சேவரேன் கிழவர் மட்டும், இந்த ஊர் ஜனங்கள் இப்போதுதான் ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்றார். சடைச்சியும் ஊருக்குப் பழகினாள். துணி துவைக்கும் நாளில் பருத்து விழுந்தாள், ஞாயிறு பகலில் கொலொம்போ என்ற ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டு எல்லாரும் கண்ணயரும்போது நூலாக மெலிந்து ஓசையில்லாமல் இறங்கினாள்.

சந்தையில் ஜாதிக்காய் விற்கும் மான் தித்தின் பக்கத்து மேட்டிலிருந்து வந்து பார்த்தாள். மான் என்றால் அங்கே அம்மா. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவள் அவள். இடுப்பில் கைவைத்து அருவியை மேலிருந்து கீழ்வரை அளந்தாள்.

"பரவாயில்லையே, வீட்டுக்கே வந்துட்டாளா? எங்க ஆளுங்க தோட்டத்து முதலாளிகிட்டேருந்து தப்பிச்சு ஓடினப்ப இவ முதுகுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சாங்க. இவளும் தப்பிச்சு ஓடி வருவான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்பவே, மான் தித்தின்?" என்றாள் செலஸ்தின்.

"நேத்துதான். வேலியைப் பாத்தப்ப."

மலையில் கம்பெனியின் சுழலும் கதவுக்கு அந்தப் பக்கம் உலர்ந்த பாறை மட்டும் நின்றது. வெளியூர்க்காரர்கள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாறையைப் பார்த்தார்கள், பிறகு எலியேத்தைப் பார்த்தார்கள். எலியேத் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "நான்காவது இடம், சடைச்சி அருவி," என்றாள், எப்போதும் சொல்லும் அதே குரலில். "அவங்க இப்ப எங்க வீட்டுக் கொல்லையில இருக்காங்க. பாக்கணும்னா வாங்க. செருப்பை வாசல்ல விட்டுடணும், சாப்பிடாம போகக் கூடாது." ஐம்பது பேரும் வந்தார்கள், செருப்பை விட்டார்கள், குளித்தார்கள், வாழையிலையில் கொலொம்போ சாப்பிட்டார்கள், முச்சந்தி வரை கொண்டுபோய் விடப்பட்டார்கள். மறுநாள் எலியேத்துக்கு வேலை போனது. மைக்கைத் திருப்பிக் கொடுத்தபோது அதன் வயரை, பாம்பைச் சுற்றுவதுபோல, அழகாகச் சுற்றிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மெஸ்யே ப்ரெவோ நிலம் அளப்பவர் ஒருவரோடு ஊருக்கு வந்தார். மழைச்சட்டை போட்டிருந்தார். அருவியின் அடியில் நின்று, இரைச்சலுக்கு மேல் குத்தகைப் பத்திரத்தைச் சத்தமாகப் படித்தார். பத்திரத்தில் மலை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அருவியும், அருவி விழும் இடமும், அதைச் சுற்றி நானூறு மீட்டரும் என்றுதான் இருந்தது.

"ஆக ரெண்டு வழி," என்றார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பானைத் தண்ணிய மேல கொண்டுவந்து ஊத்துங்க. அன்னிக்கு டிக்கெட் வேண்டாம், நானே கதவைத் திறந்து விடறேன். இல்லேன்னா திங்கக்கிழமை வேலி இங்க வரும். நானூறு மீட்டர்."

"நானூறு மீட்டர்னா என் அடுப்படி உள்ள வருமா?" என்று செலஸ்தின் கேட்டாள்.

"அடுப்படி, கோயில், மொத்தம் முப்பத்தெட்டு வீடு. குடியிருக்கறவங்களுக்குப் போகவர அட்டை தருவோம், புகைப்படம் ஒட்டி."

"மிச்சம் மூணு வீடு?"

"வெளியே."

"அப்ப என் தங்கச்சி என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்தா?"

ப்ரெவோ சற்று யோசித்தார். "டிக்கெட்," என்றார், உண்மையாகவே வருந்தி.

சனிக்கிழமை மதியம் ஊர் கோயில் முற்றத்தில் கூடியது. திருப்பிக் கொடுத்தால் சடைச்சி கதவுக்கு அந்தப் பக்கம். கொடுக்காவிட்டால் ஊரே கதவுக்கு அந்தப் பக்கம். இதற்கு நடுவே மூன்றாவதாக ஒன்றும் யாருக்கும் தோன்றவில்லை. தோந்தோன் ஜெர்மேன் எழுந்து, வழக்கம் ஒன்றுதான் என்றார். அழைத்த தண்ணீர் அழைத்த இடத்துக்குப் போகவேண்டும், வேறு எங்கே ஊற்றினாலும் அவள் கோபித்துக்கொண்டு தீவை விட்டே போய்விடுவாள், அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார், அப்பாவின் அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

"போனா போறா தோந்தோன்," என்று ஒருவன் கத்தினான், "வேலியாவது வராதுல்ல!"

"வாயைக் கழுவுடா," என்றது முற்றம்.

அப்போது எலியேத் எழுந்தாள். எழுந்த பிறகுதான் கையில் மைக் இல்லை என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமினாள், இரண்டாம் முறை செருமினாள், பிறகு பக்கத்திலிருந்த கொலொம்போ அண்டாவிலிருந்து அகப்பையை எடுத்து வாயருகே பிடித்தாள். முற்றம் சிரித்தது. மஞ்சள் குழம்பு அவள் முழங்கையில் வழிந்தது.

"பேசு மகளே," என்றாள் மான் தித்தின். "கேக்குது."

"ஏழு நாள் விருந்துன்னா ஏழு நாளும் ஒரே வீட்டுலயா சாப்பிடுவாங்க?" என்றாள் எலியேத் அகப்பையிடம். "நாமதான் அவளை வருஷா வருஷம் உத்தரத்துல கட்டித் தொங்கவிடறோம். ஒரு வீட்டுக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. நாற்பத்தோரு வீடு இருக்கு. மான் தித்தின் மேட்டுல இன்னும் அறுபது இருக்கு. அவளைப் பிரிச்சுக் கொடுப்போம். எல்லா வீட்டுக்கும். நானூறு மீட்டர், நானூறு மீட்டர்னு அந்த ஆள் எத்தனை வேலி கட்டுவான், பாத்துடலாம்."

"பிரிச்சா செத்துடுவா!" என்றார் தோந்தோன் ஜெர்மேன். அது கோபமில்லை, பயம்.

"செத்தா என் தலையில விழட்டும் தோந்தோன். அழைச்சவ நான்."

அவள் உத்தரத்துக்குக் கீழே போய்ப் பானையை அவிழ்த்தாள். அதைத் தடுக்கத் தோந்தோன் எழுந்தார், பாதியில் நின்றார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். மான் தித்தின் சந்தையில் காப்பி குடிக்கும் எனாமல் குவளையை நீட்டினாள், அதன் விளிம்பில் ஜாதிக்காய்த் தூள் ஒட்டியிருந்தது. எலியேத் பானையைச் சாய்த்தாள். முதல் சொட்டு குவளைக்குள் விழுந்த நொடியில், பதினோரு நாளாக ஊரை நிறைத்திருந்த இரைச்சல் நின்றது.

கொல்லையில் வெறும் வானம் இருந்தது. நண்டுகள் திகைத்து நின்றன. எலியேத்துக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். மான் தித்தின்தான் முதலில் அசைந்தாள். "குடிக்கறவளுக்குத் தெரியும் தாகம்," என்று யாருக்கோ சொல்லிவிட்டு, குவளையைத் தலையில் வைத்து, இடுப்பை வீசி, தன் மேட்டைப் பார்த்து நடந்தாள். முச்சந்தியைத் தாண்டினாள். பாலத்தைத் தாண்டினாள். தன் வீட்டுப் படியில் கால் வைத்தாள். அங்கிருந்து, மேட்டின் மேலிருந்து, தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போல ஒரு ஓசை வந்தது. அவள் வீட்டுக் கொய்யா மரத்துக்கு மேலே வானத்திலிருந்து, ஒரு சிறுமியின் சடைக் கனத்தில், வெள்ளையாக ஒரு நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு யார் யாரையும் கேட்கவில்லை. குவளை வந்தது, வாளி வந்தது, பால்புட்டி வந்தது, சாராயக் குப்பி கழுவாமல் வந்தது. ஊற்ற ஊற்றப் பானை குறையவில்லை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள்; குறையத்தான் செய்தது, எலியேத் பார்த்தாள், ஆனால் ஆளுக்கு ஒரு வாய்க்குக் குறையாமல் ஊற்றினாள். தோந்தோன் ஜெர்மேன் கடைசியாக வந்து தன் பூசைச் செம்பை நீட்டினார். "எங்கப்பா இதைச் சொல்லல," என்றார். "அவர்கிட்ட யாரும் டிக்கெட் கேட்டதில்லையே தோந்தோன்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குப்பிகளும் வாளிகளும் பயணம் போயின. மீன் வண்டியில் ஒரு குப்பி துறைமுகத்துக்குப் போனது, கட்டிக்கொடுத்த மகள்களின் மடியில் ஊர் ஊராகப் போனது. கறுப்பு மணற்கரையில் வலை பின்னுகிறவனின் குடிசைக்குப் பின்னால் ஒன்று விழுந்தது. சர்க்கரை ஆலைப் புகைக்கூண்டுக்குள் அத்திமரத்தின் மேல் ஒன்று. வெந்நீர் ஊற்றின் பக்கத்தில் முட்டை விற்பவளின் வீட்டில் ஒன்று, அது மட்டும் வெதுவெதுப்பாக. கோட்டையில் ஒன்று பீரங்கியின் வாய்க்குள்ளேயே விழுந்தது. திங்கட்கிழமை வேலிக் கம்பங்களோடு லாரி வந்தபோது, நிலம் அளப்பவர் ஒவ்வொரு அருவியைச் சுற்றியும் வரைபடத்தில் நானூறு மீட்டர் வட்டம் போட்டார். மதியத்துக்குள் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. மாலைக்குள் தீவு முழுக்க வட்டத்துக்குள் வந்தது, கம்பெனி அலுவலகமும் மெஸ்யே ப்ரெவோவின் வீடும் உட்பட. "வேலியைக் கடல்லதான் நடணும் மெஸ்யே," என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

இப்போதும் சாந்த் ஒலிவ் தீவுக்குப் போகிறவர்கள் ஏழு இடங்களைப் பார்க்கிறார்கள். ஆறு இடங்களுக்கு அம்புக்குறி போட்ட பலகை உண்டு. நான்காவதற்கு ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். வீட்டுக்காரர்கள் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகுதான் கொல்லையைக் காட்டுவார்கள். கம்பெனி மலையில் சுழலும் கதவை அப்படியே விட்டுவிட்டுப் போனது. ஆடுகள் அதைச் சுற்றிப் பார்த்து மகிழ்கின்றன.

சில மாதம் கழித்து ஒரு பிற்பகல் எலியேத்தின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வாசலில் மெஸ்யே ப்ரெவோ நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார், ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது. கம்பெனி போனபோது அவரை விட்டுவிட்டுப் போயிருந்தது.

"எத்தனை பேர்?" என்று கேட்டாள் எலியேத்.

"நான் மட்டும்தான்."

"சாப்பிட்டீங்களா?"

அவள் சோறு போட்டாள், அம்மா மீன் வைத்தாள், அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுக் கொல்லையில் போய், சடைக் கனத்தில் இறங்கும் நீருக்குக் கீழே, சட்டையைக் கழற்றாமல் வெகுநேரம் நின்றார். புறப்படும்போது எலியேத் தன் வீட்டில் எடுத்து வைத்திருந்த பித்தளைப் பானையின் அடியில் இருந்த கடைசி நீரை ஒரு குப்பியில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இது எனக்கா?" குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை. "எவ்வளவு?"

எலியேத் சிரித்தாள். மைக்கும் இல்லை, அகப்பையும் இல்லை. தெருக்கோடி வரை கேட்டது அந்தச் சிரிப்பு. அவரை முச்சந்தி வரை கொண்டுபோய் விட்டாள், அழைத்த விருந்தாளியையும் அழைக்காத விருந்தாளியையும் அந்த ஊர் கொண்டுபோய் விடுவதைப்போல.

"ஒண்ணே ஒண்ணு மெஸ்யே," என்றாள், தொண்டையைச் செருமாமல். "வீட்டுக்குப் போனதும் முதல்ல உங்க காம்பவுண்டு கேட்டைக் கழட்டிடுங்க. அவளுக்கு அது பிடிக்காது. நாளைக்குக் காலையில உங்க தெருக்காரங்க வாளியோட வருவாங்க, அவங்களுக்கும் பிடிக்காது."

ப்ரெவோ குப்பியின் வாயைக் கட்டைவிரலால் பொத்திக்கொண்டு இறக்கத்தில் நடந்தார். அவருக்கு நான்கு அடி பின்னால், வானத்தில் எங்கோ தொடங்கி, தையல் நூல் கனத்தில், புழுதியில் புள்ளி வைத்துக்கொண்டே சடைச்சி போனாள்.